அப்பத்தா ஃப்ரிட்ஜ் கூலிங் வரல, கேஸ் ஏத்தணும்ங்கறாய்ங்க, ஏத்தலாமா?

தாழ்வாரம் | வெள்ளி, ராத்திரி 10.40

வணக்கம் மக்களே. காரைக்குடி பக்கம் எங்க பழைய வீட்ட போன மாசம் காலி பண்ணோம், ஸ்டோர் ரூம்ல சாக்கு போத்தி அப்பத்தாவோட ஃப்ரிட்ஜ் நின்னுச்சு. சிங்கிள் டோர், 165 லிட்டர், வெளுத்துப் போன க்ரீம் கலர், கைப்பிடியிலயே சாவி போடுற பூட்டு. கம்பெனி பேட்ஜ் விழுந்து ரெண்டு ஓட்டை மட்டும் இருக்கு. அப்பா பத்தாவது படிக்கிறப்ப வாங்குனதாம், அப்ப 72, 73 இருக்கும். கடைசியா ஓடி பதினோரு வருசம் ஆச்சு.

குட்டியானையில படுக்க வச்சு கயிறு கட்டி மதுரைக்கு கொண்டாந்து அன்னைக்கு சாயங்காலமே பிளக்க சொருகிட்டேன். பத்து செகண்டு உர்ர்ர்ன்னு ஒரு சத்தம், அப்புறம் டக், அமைதி. ரெண்டு நிமிசம் கழிச்சு மறுபடி உர்ர்ர், டக். ரெண்டு மெக்கானிக் வந்தாய்ங்க. ஒருத்தர் வாசப்படியில நின்னே பாத்துட்டு கம்ப்ரஸர் போச்சு, பழசு ஒண்ணு மாட்டித் தர்றேன் 4500ன்னாரு. இன்னொருத்தர் கேஸ் போச்சு, 134ங்கற கேஸ ஏத்திருவோம் 2800ன்னாரு. கேஸ் போனா கூலிங்தானண்ணே வராது, ஸ்டார்ட்டே ஆகாதான்னு கேட்டதுக்கு "பழைய பெட்டி சார், அப்படித்தான்"னுட்டு போயிட்டாரு. அப்பத்தாவுக்கு 84 வயசு, தெனம் வந்து கதவ தொட்டுப் பாத்துட்டு போகுது. என்ன செய்ய?

சீரிஸ்லேம்ப் | வெள்ளி, ராத்திரி 11.25

மொதல்ல பிளக்க புடுங்கிப் போடுங்க தம்பி. அந்த டக்குங்கறது ஓஎல்பி, அதான் ஓவர்லோடு ப்ரொடெக்டரு, கம்ப்ரஸர் தூக்க முடியாம கரண்ட் ஏறி சூடாகறப்ப அது கட் பண்ணிக் காப்பாத்துது, நீங்க விட்டு விட்டு பாத்துட்டே இருந்தா ஒரு நாள் அதுவும் காப்பாத்தாது, மோட்டார் வைண்டிங் கருகிரும்.

ரெண்டாவது, படுக்க வெச்சு கொண்டாந்தீங்கல்ல, கம்ப்ரஸருக்குள்ள இருக்கற ஆயில் டிஸ்சார்ஜ் பைப்புல ஏறியிருக்கும். நிமுத்தி வெச்சு ஒரு நாள் முழுக்க அப்படியே உடுங்க. அதுக்கப்பறம் மல்டிமீட்டர் எடுங்க. கம்ப்ரஸர் பக்கத்துல சின்ன மூடி இருக்கும், உள்ள மூணு பின்னு, காமன், ஸ்டார்ட், ரன். மூணு ஜோடிக்கும் ஓம்ஸ் பாருங்க, ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் பாருங்க, நம்பர இங்க போடுங்க. வயரும் அந்தக் காலத்து ரப்பரா இருக்கும், வளைச்சா பொடியா கொட்டும், அதைய மாத்தி எர்த்தோட புது த்ரீ கோர் வயர் போட்டுட்டு மத்தது பேசலாம்.

கேஸ் போயிருந்தா கம்ப்ரஸருக்கு லோடு கம்மி, இன்னும் லேசா ஸ்டார்ட் ஆகும். உங்க கேள்வி கரெக்ட்டு. நாப்பது வருசமா இந்த தொழில்ல இருக்கறேன், தெரியாத கம்ப்ளைண்டுக்கெல்லாம் எங்க ஆளுக வெச்ச பேரு "கேஸ் போச்சு".

ரெண்டுயூனிட் | சனி, காலை 7.10

எதுக்கு ப்ரோ இந்த தலவலி. காயலாங்கடையில போட்டா ஆயிரமோ ரெண்டாயிரமோ தருவான். புது டைரக்ட் கூல் வாங்குனா கரண்ட் பில்லு கம்மி, வாரண்டியும் வரும். செண்டிமெண்ட் பாத்தா ஈபி காரன் பாக்க மாட்டான் 😀

தாழ்வாரம் | சனி, காலை 7.32

புதுசு ஒண்ணு ஹால்ல ஓடிட்டுத்தான் ப்ரோ இருக்கு. இது அப்பத்தாவுக்கு.

மாடிவீட்டுக்காரி | சனி, காலை 9.05

ரிப்பேர் எனக்குத் தெரியாது, ஆனா ஒண்ணு. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா? பூட்டு இருக்கற பழைய ஃப்ரிட்ஜுக்குள்ள குழந்தை போயி கதவு மாட்டிக்கிச்சுன்னா உள்ளேந்து தொறக்க முடியாது, கத்தினா வெளிய கேக்கவும் கேக்காது. அமெரிக்காவுல இப்படி நெறைய குழந்தைங்க செத்துப் போயித்தான் 1956ல தனியா சட்டமே போட்டாங்க, 1958 கடைசிலேந்து செய்யற ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேந்து தள்ளினா தொறக்கணும்னு. அந்த பூட்ட மொதல்ல கழட்டிடுங்க ப்ளீஸ்.

சீரிஸ்லேம்ப் | சனி, காலை 9.40

அந்த அம்மா சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா கழட்டறதுக்கு முன்னாடி கேஸ்கெட்டுல, அதான் கதவச் சுத்தி இருக்கற ரப்பருல, காந்தம் இருக்கான்னு பாத்துக்கோங்க தம்பி. ரொம்ப பழைய மாடல்ல வெறும் ரப்பர் மட்டுந்தான், கொக்கிதான் கதவ அமுத்திப் புடிக்கும், கொக்கிய எடுத்தா கதவு மூடாது. ஒரு ஊக்க கேஸ்கெட்டுல வெச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா காந்தம் இருக்குது, தைரியமா கழட்டலாம்.

தாழ்வாரம் | ஞாயிறு, மதியம் 1.15

அப்பத்தா வளையல்ல கோத்திருந்த ஊக்கையே வாங்கி வச்சுப் பாத்தேன், ஒட்டுது. பூட்டு நாக்க கழட்டியாச்சு. சாவிய மட்டும் குடுன்னு வாங்கி இடுப்புல சொருகிக்கிருச்சு. அந்தக் காலத்துல தெருவுல யாரு வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் ஐஸ் கேட்டு இங்கதான் ஆளனுப்புவாங்களாம், பூட்டு இல்லேன்னா பேரப்புள்ளைக ஐஸ காலி பண்ணிரும்னு சொல்லுச்சு.

வயரு மாத்திட்டேன். ரீடிங்: ரன் காமன் 12, ஸ்டார்ட் காமன் 26, ஸ்டார்ட் ரன் 38. பாடிக்கு எதுலயும் ஒண்ணும் காட்டல.

சீரிஸ்லேம்ப் | ஞாயிறு, மதியம் 2.00

12உம் 26உம் கூட்டுனா 38. வைண்டிங் தங்கமாட்ட இருக்குது. அந்த 4500 ஆளு சீரிஸ் லேம்ப்பு, அதான் டெஸ்ட் பல்பு, அது கூட எடுத்திருக்க மாட்டாரு.

இப்ப கம்ப்ரஸர ஸ்டார்ட் பண்ணி உடற ரிலேவ கழட்டிப் பாருங்க. பழைய ரிலே காயில் வெச்சது, ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற கரண்ட்டுல உள்ள இருக்கற இரும்புத் துண்டு மேல எகிறி ஸ்டார்ட் வைண்டிங்க ஒரு அரை செகண்டு கனெக்ட் பண்ணும், மோட்டார் வேகம் புடிச்சதும் தன் கனத்துலயே கீழ உழுந்து கட் ஆகும். அதனால அதைய நேரா நிமுத்தித்தான் மாட்டணும், சாச்சோ தலைகீழாவோ மாட்டுனா வேலை செய்யாது. பதினோரு வருசம் சும்மா கெடந்ததுல காண்டாக்ட் கருத்திருக்கும், இல்லீன்னா துண்டு ஒட்டியிருக்கும். குலுக்குனா டொக்கு டொக்குன்னு சத்தம் வரணும்.

தாழ்வாரம் | ஞாயிறு, சாயங்காலம் 6.50

அண்ணே குலுக்குனா சத்தமே இல்ல!! ஒடச்சுப் பாத்தா உள்ள பச்சையா களிம்பு புடிச்சு அந்தத் துண்டு ஒட்டிக்கிட்டு கெடக்கு. கடைக்காரர் பிடிசி ரிலே போடுங்கன்னு ஒண்ணு குடுத்தாரு 180 ரூவா, போடலாமா?

சீரிஸ்லேம்ப் | ஞாயிறு, சாயங்காலம் 7.05

எச்பி பாத்து குடுத்திருந்தா போடலாம், ஓஎல்பியும் சேத்தே மாத்துங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம், பிடிசி சூடாகித்தான் கட் ஆகும், ஆறுறதுக்கு நாலஞ்சு நிமிசம் வேணும். கரண்ட் போயி ஒடனே வந்துச்சுன்னா ஸ்டார்ட் ஆகாம ட்ரிப் ஆகும். டைம் டிலே வெச்ச ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டுக்கோங்க.

தாழ்வாரம் | ஞாயிறு, ராத்திரி 9.30

ஓடுது!!!!! டாங் டெஸ்டர்ல 1.1 ஆம்ப் காட்டுது. சத்தம் தேன்கூட்டுக்கிட்ட காது வச்ச மாதிரி இருக்கு. பின்னாடி கண்டென்சர் சூடாகுது, முக்கா மணி நேரத்துல ஃப்ரீசர் முழுக்க வெள்ளப் பனி. அப்பத்தா விரல்ல தொட்டு நக்கிப் பாத்துச்சு.

தாழ்வாரம் | திங்கள், காலை 8.15

சந்தோசப்பட்டு முடியல. ராத்திரி முழுக்க ஓடியும் கீழ் தட்டுல தெர்மாமீட்டர் 17 டிகிரி. கம்ப்ரஸர் ஒரு தடவ கூட கட் ஆகல. ஃப்ரீசர்ல தண்ணி ஐஸாகுது, கீழ வச்ச பாலு திரிஞ்சிருச்சு. அப்ப அந்த ரெண்டாவது ஆளு சொன்ன மாதிரி கேஸ் கம்மிதானா?

ரெண்டுயூனிட் | திங்கள், காலை 8.40

நான் அப்பவே சொன்னேன். 134 ஏத்திட்டு வேலைய முடிங்க ப்ரோ, எல்லாரும் அதான் பண்றாங்க.

சீரிஸ்லேம்ப் | திங்கள், காலை 11.20

எல்லாரும் பண்றாங்க, அதனாலதான் எல்லா பழைய பெட்டியும் காயலாங்கடையில கெடக்குது. கொஞ்சம் நீளமா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

உங்க பெட்டியில இருக்கறது ஆர் 12. மைனஸ் 30 டிகிரியில கொதிக்கற சாமான், அருமையா வேலை செய்யும், ஆனா ஓசோன திங்குது. 1987ல மாண்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டாங்க, நம்ம நாட்ல 2008 ஆகஸ்ட்டோட அதைய செய்யறதையே நிறுத்தியாச்சு. இப்ப ஏத்தோணும்னா வேற கேஸ்தான். 134ன்னு சொல்றாங்களே, அது ஆர் 12 கூட இருக்கற மினரல் ஆயிலோட சேராது. கம்ப்ரஸர்ல இருந்து கேஸோட வெளிய போன ஆயில் திரும்பி வராது, கேப்பில்லரிங்கற மெல்லிசு குழாயில போயி நிக்கும், அஞ்சாறு மாசத்துல சோக்கு, அதான் அடைப்பு, அப்பறம் கம்ப்ரஸர் காஞ்சு ஜாம். ஆயில மாத்தி, ஃபில்டர் ட்ரையர மாத்தி, வேக்கம் பம்பு வெச்சு முறையா செய்யறவங்க இருக்கறாங்க, இல்லீன்னு சொல்லல. நெறைய பேரு வேக்கம் பம்பே எடுத்துட்டு வர மாட்டாங்க, அந்த கம்ப்ரஸரையே ஓட்டி காத்த உறிஞ்சி வெளிய தள்ளுவாங்க, உள்ள ஈரம் அப்படியே நிக்கும், அது கேப்பில்லரி வாயில ஐஸா போயி அடைக்கும்.

இன்னொன்னு ஹைட்ரோகார்பன், நம்ம சமையல் கேஸோட சொந்தக்காரன். பழைய ஆயிலோட ஒத்துப் போகும், கூலிங்கும் நல்லா வரும், ஆர் 12 போட்ட எடையில பாதிக்கும் கம்மியாத்தான் போகோணும், தராசு இல்லாம கை அளவுல ஏத்தப்படாது. ஆனா பழைய பெட்டியில தெர்மோஸ்டாட்டும் லைட் சுவிட்சும் உள்ளயே பொறி தட்டும். உள்பக்கம் லீக்கானா நெனச்சுப் பாருங்க.

இதெல்லாம் பைப்ப அறுத்த பொறகு வர்ற கவலை. உங்குளுக்கு அறுக்கவே வேண்டியதில்ல. பனி எப்படி உழுந்துருக்குதுன்னு பாக்கோணும். கேஸ் கம்மியா இருந்தா ஃப்ரீசர்ல ஒரு ஓரத்துல மட்டும் கட்டி பனி, மீதி வேர்த்துட்டு நிக்கும். சோக்கா இருந்தா கொஞ்ச நேரம் புடிச்சு அப்பறம் உருகிரும், சுடுதண்ணி துணிய கேப்பில்லரி முனையில வெச்சா உஸ்ஸுன்னு மறுபடி ஓடும். உங்குளுது முழுத் தகட்டுக்கும் சமமா புடிச்சிருக்குது. ஃபேக்டரியில அடைச்ச கேஸ் அப்படியே இருக்குது தம்பி. குளிர் உருவாகுது, உள்ள தங்க மாட்டீங்குது. கேஸ்கெட் பாருங்க, வெளிப்பக்கம் தகடு எங்கியாச்சும் வேர்க்குதான்னு தடவிப் பாருங்க.

பழசுபித்தன் | திங்கள், மதியம் 12.10

அடைச்ச கேஸ் அம்பது வருசம் நிக்குமான்னு கேக்கறவங்களுக்கு: 1927ல ஜெனரல் எலக்ட்ரிக் மானிட்டர் டாப்னு ஒரு ஃப்ரிட்ஜ் விட்டாங்க, கம்ப்ரஸர் மண்டை மேல குண்டா உக்காந்திருக்கும், அந்தக் காலத்து மானிட்டர்ங்கற போர்க்கப்பல் பீரங்கி மேடை மாதிரி இருக்குன்னு ஜனங்க வச்ச பேரு அது. எல்லாத்தையும் சீல் பண்ணிட்டதால அதுல சிலது இன்னைக்கும் ஓடுது. உள்ள இருக்கறது சல்ஃபர் டை ஆக்ஸைடு, அத மட்டும் யாரும் வீட்டுக்குள்ள வச்சுத் தொறந்துராதீங்க, தொண்டையப் புடிச்சுக்கும், தெருவே காலி.

வன்னிமண் | திங்கள், மாலை 4.45

இந்தக் கதையெல்லாம் வாசிக்க எங்கட அப்பப்பாட மண்ணெண்ணெய் பிரிட்ஜ்தான் ஞாபகம் வருது. கரண்ட் இல்லாத இடத்தில கடை வச்சிருந்தவர். அதில மோட்டரே இல்லை, கீழ விளக்கு மாதிரித் திரி எரியும், மேல ஐஸ் கட்டும், சின்ன வயசில எனக்கு அது மந்திரம் மாதிரித்தான் கிடந்தது. சுவீடனில ரெண்டு மாணவர் 1922 இல கண்டுபிடிச்சது எண்டு பிறகுதான் படிச்சன். உள்ளுக்கை அமோனியா, தண்ணி, ஹைதரசன். நிலம் மட்டமா இல்லையெண்டா வேலை செய்யாது, அப்பப்பா தண்ணிக் கிண்ணத்தை மேல வச்சு மட்டம் பார்ப்பார். கூலிங் நிண்டால் முழுப் பெட்டியையும் ஒரு நாள் தலைகீழாக் கவிட்டு வச்சிட்டு நிமித்துவினம், அதோட சரிவரும். ஆனா அமோனியா மணமோ, பின் குழாயில மஞ்சள் தூளோ கண்டால் அது ஓட்டை, தொடாமல் விடுறதுதான் நல்லது.

சீரிஸ்லேம்ப் | திங்கள், மாலை 5.20

அருமைங்க. அதைய பாத்துட்டுத்தான் சில பேரு நம்ம கரண்ட் பெட்டியையும் கவுத்து வெக்கறாங்க, அந்த வைத்தியம் கம்ப்ரஸர் பெட்டிக்கு ஆவாதுங்க.

தாழ்வாரம் | செவ்வாய், ராத்திரி 10.05

கேஸ்கெட்டு: பத்து ரூவா நோட்ட கதவுல வச்சு மூடி இழுத்துப் பாத்தேன், மேலயும் கைப்பிடி பக்கமும் இறுக்கமா புடிக்குது, கீல் பக்கம் கீழ சும்மா உருவிக்கிட்டு வருது. லைட்ட அணைச்சுட்டு உள்ள டார்ச்ச எரிய விட்டு மூடுனா அதே எடத்துல ஒரு ஜாண் நீளத்துக்கு வெளிச்சம். ஹேர் ட்ரையர் காட்டி இழுத்து நேர் பண்ணேன், இப்ப வெளிச்சம் இல்ல.

ஆனா இடது பக்கத் தகடு கீழ்ப்பாதி முழுக்க வேர்த்து தண்ணி சொட்டுது. கை வச்சா ஜில்லுன்னு இருக்கு. தட்டுனா மேல டொய்ங்ன்னு காலியா கேக்குது, கீழ ஈரமூட்டைய தட்டுன மாதிரி தொப்புன்னு கேக்குது.

சீரிஸ்லேம்ப் | செவ்வாய், ராத்திரி 10.30

அவ்வளவுதான், திருடன் சிக்கிட்டான். அந்தக் காலத்துப் பெட்டியில இப்ப மாதிரி ஃபோம் கெடையாது, உள்ள கிளாஸ் வுல். ஒட்டு விட்டுப் போன எடத்துல வெளிக்காத்து உள்ள போயி, குளிர்ச்சி பட்டு தண்ணியாயி, வருசக்கணக்கா வுல்லுல ஊறியிருக்குது. காஞ்ச வுல்லு சூட்ட உள்ள உடாது, தண்ணி அதைய விட பதினஞ்சு மடங்கு சூட்ட கடத்தும். ஈரக்கோணிய போத்திட்டு குளிருக்கு படுத்த மாதிரிதான்.

பின்பக்கத் தகடு ஸ்க்ரூல இருந்தா கழட்டலாம். கண்டென்சர ரெண்டு பேரு புடிச்சு லேசா ஒதுக்குங்க, பைப்ப மடக்கிறப்படாது, கேப்பில்லரி தலமுடி மாதிரி, மடிஞ்சா போச்சு. முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க், இது மூணும் இல்லாம கைய வெக்காதீங்க, ரெண்டு நாளு சொறிஞ்சுட்டே இருப்பீங்க.

ரெண்டுயூனிட் | செவ்வாய், ராத்திரி 10.42

ஸ்ப்ரே ஃபோம் கேன் வாங்கி ஓட்ட போட்டு அடிச்சு விட்டா முடிஞ்சுதே, எதுக்கு கழட்டணும்?

சீரிஸ்லேம்ப் | செவ்வாய், ராத்திரி 10.50

ஈரத்துக்கு மேலயா அடிப்பீங்க? உப்பி தகடு வளையும், உள்ள தண்ணி நின்னு துருப்புடிக்கும், அப்பறம் ஆராலயும் கழட்ட முடியாது. நல்ல சாமான்தான், இதுக்கு ஆவாதுங்க.

தாழ்வாரம் | ஞாயிறு, ராத்திரி 8.20

நாலு நாளா ஆளக் காணோமேன்னு கேட்டவங்களுக்கு, மொட்டமாடியில இருந்தேன்.

பின்தகட்டுல இருபத்திரெண்டு ஸ்க்ரூ, எட்டு துருவேறி தலை போயி ட்ரில் பண்ணித்தான் எடுத்தேன். தொறந்ததும் ஒரு வாடை, மழையில நனைஞ்ச நாயும் பழைய புத்தகமும் சேந்த மாதிரி. மேல்பாதியில வுல்லே இல்ல, எல்லாம் சரிஞ்சு கீழ எறங்கி கூழா கெடக்கு, பிழிஞ்சா பழுப்புத் தண்ணி, ஒன்றரை வாளி புடிச்சோம். இடது மூலையில எலி கூடு கட்டி காலி பண்ணிட்டு போயிருக்கு. கூட்டுல தேங்கா நாரு, சணல், ஒரு பக்கம் கடிச்ச ரேசன் கார்டு அட்டை. அப்பத்தா அட்டைய வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு "இதத்தேண்டா உங்க தாத்தா வீடு பூரா தேடுனாரு"ன்னுச்சு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, அட்டைய கொண்டு போயி தலகாணிக்கடியில வச்சுக்கிருச்சு.

நல்லா இருந்த வுல்ல மூணு நாள் வெயில்ல காய வச்சு, மக்குனத தூக்கிப் போட்டுட்டு புது ரோல் வாங்கி நெரப்பினேன். வெளித்தகடு ஒட்டெல்லாம் உள்பக்கமா பியூட்டைல் டேப், அதுக்கு மேல கெட்டி பாலிதீன் ஷீட்டு, அண்ணன் போன்ல சொன்ன மாதிரி ஷீட்ட வெளித்தகடு பக்கமாத்தான் போட்டேன், ஏன்னா ஈரம் சூடான பக்கத்துல இருந்துதான் வரும்.

இப்ப வேர்க்கல. 17 எறங்கி 9ல நிக்குது. கம்ப்ரஸர் கட் ஆகுது, ஆனா இருபது நிமிசம் ஓடி அஞ்சு நிமிசம்தான் ரெஸ்டு. 9க்கு கீழ போக மாட்டேங்குது. தெர்மோஸ்டாட்டா?

மாடிவீட்டுக்காரி | ஞாயிறு, ராத்திரி 8.45

உள்ள லைட் எரியுதா? கதவ மூடினா அணையுதா? எங்க பழைய ஃப்ரிட்ஜ்ல சுவிட்ச் அமுங்காம பல்பு எரிஞ்சுட்டே இருந்துச்சு, ரொம்ப நாள் யாருமே கவனிக்கல. போன்ல வீடியோ ஆன் பண்ணி உள்ள வச்சு மூடிப் பாருங்க.

சீரிஸ்லேம்ப் | ஞாயிறு, ராத்திரி 8.52

அட, இதைய நானே உட்டுட்டேன் பாருங்க. 🙏

தாழ்வாரம் | ஞாயிறு, ராத்திரி 9.20

அக்கா கால்ல விழுறேன். கதவு மூடுறது தெரியுது, அப்புறமும் பளிச்சுன்னு பல்பு எரியுது. 15 வாட்ஸ் குண்டு பல்பு, ராப்பகலா உள்ளுக்குள்ள அடுப்பு வச்ச கணக்குதான். சுவிட்ச் பட்டன் தேஞ்சு கதவு அதத் தொடவே இல்ல. கதவுல அந்த எடத்துல ரெண்டு சைக்கிள் டியூப் துண்ட ஒட்டிட்டேன்.

தாழ்வாரம் | செவ்வாய், காலை 7.40

கீழ் தட்டுல 5 டிகிரி, பன்னண்டு நிமிசம் ஓடுது, பதினஞ்சு நிமிசம் ரெஸ்டு. பிளக் மீட்டர் வச்சுப் பாத்தேன், ஒரு நாளைக்கு ஒண்ணரை யூனிட்டு சொச்சம். ரெண்டுயூனிட் ப்ரோ, உங்க பேருக்கே கம்மியாத்தான் வருது.

ரெண்டுயூனிட் | செவ்வாய், காலை 8.02

புதுசு ஒரு நாளைக்கு அரை யூனிட்டுதான் ப்ரோ திங்கும். ஆனா ஓகே, ஒத்துக்கறேன், ஓட வச்சுட்டீங்க. போட்டோ போடுங்க.

சீரிஸ்லேம்ப் | செவ்வாய், காலை 8.30

பனி கால் இஞ்சு ஏறுனதும் ஆஃப் பண்ணி உருக உடுங்க, கத்தி ஸ்க்ரூடிரைவர்ல குத்தாதீங்க. அலுமினியத் தகட்டுல ஒரு ஓட்டை உழுந்தா அம்பது வருசம் நின்ன கேஸ் அஞ்சு நிமிசத்துல போயிரும்.

தாழ்வாரம் | செவ்வாய், காலை 9.15

அத அப்பத்தாவே சொல்லிருச்சுண்ணே. ஐஸ் எடுக்க ஒரு மரக்கரண்டி தனியா வச்சிருந்ததாம், அது எங்கடான்னு இப்ப பரண்ல தேடச் சொல்லுது. அப்புறம் இன்னொன்னு, பூட்டு நாக்க திரும்ப மாட்டித் தருவியான்னும் கேட்டுச்சு, முடியாதுன்னுட்டேன், காலையில இருந்து பேச மாட்டேங்குது.